நாம் என்னும் விசை

மஞ்சள் விளக்கு எரிந்துவிட்டால், இரண்டு நாட்டு அமைச்சர்களும் வாய்மூடிக் காத்திருக்கத்தான் வேண்டும். கண்ணாடிச் சுவருக்கு இப்புறம் அமர்ந்திருக்கும் மதுரைப் பெண்மணி ஒருத்தி, தன் முன்னால் உள்ள இரண்டு விசைகளுள் ஒன்றை அழுத்தும்வரை, பெயர்ப்பு இயந்திரம் அடுத்த சொல்லுக்கு நகராது. ஒரு விசையின்மேல் ‘நாம்’ என்றும், மற்றதன்மேல் ‘நாங்கள்’ என்றும் வெள்ளை எழுத்தில் பொறித்திருந்தது.

அங்கயற்கண்ணி அந்த நாற்காலிக்கு வந்து மூன்றாண்டுகள் ஆகியிருந்தன. பிரெஸ்லாவ் நகரத்தின் பழைய தானியச் சந்தைக் கட்டடத்தைத்தான் பேச்சுவார்த்தை மண்டபமாக மாற்றியிருந்தார்கள். கூரையின் உத்தரங்களில் கோதுமைத் தூசியின் மணம் இன்னும் போகவில்லை. மண்டபத்தின் ஒருபுறம் ஜெர்மன் மன்றக் குடியரசின் தூதுக்குழு. மறுபுறம் போலந்துத் தூதுக்குழு. இரண்டுக்கும் இடையில், ஒரு சிறு வீட்டின் அளவுக்கு வானொலி வால்வுகளும் சுழலிகளும் செறிந்த இயந்திரம்.

பெர்லினில் தொழிலாளர் மன்றங்கள் ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பத்தொன்பதாம் ஆண்டின் குளிர்காலக் கிளர்ச்சியில் வென்று, ஜெர்மனி செங்கொடியை ஏற்றி ஒரு தலைமுறை கழிந்துவிட்டது. கிழக்கே உருசியாவிலும் செங்கொடிதான். ஆனால் நடுவில் கிடந்த போலந்தோ, உழவர் கட்சியும் தேவாலய மணியுமாக, இரண்டு பக்கமும் சேராமல் நின்றது. உருசியாவுக்குச் செல்லும் ஜெர்மன் சரக்கு வண்டிகள் போலந்தின் வழியாகத்தான் போகவேண்டும். விஸ்துலா ஆற்றின் பாலங்களைத் தாண்டித்தான் போகவேண்டும். அந்தப் பாலங்களுக்கு யார் காவல் என்பதில் மூண்ட பூசலால், கடந்த ஆண்டின் இளவேனிலில் எல்லை மூடப்பட்டது. அன்று பிரெஸ்லாவில் இருந்தவர்கள் பிரெஸ்லாவிலேயே நின்றுபோனார்கள். தோருன் நகருக்கு விடுமுறைக்குப் போனவர்கள் தோருனிலேயே நின்றுபோனார்கள். அப்படி அங்கே நின்றுபோனவர்களுள் அங்கயற்கண்ணியின் போலந்துக்காரக் கணவர் ததேயுஷும், ஒன்பது வயது மகள் இரேனாவும் அடக்கம். உடன்படிக்கை கையெழுத்தானால் எல்லைக் கதவு திறக்கும். ஆகாவிட்டால் திறக்காது. அவளுடைய உலகம் அவ்வளவாகச் சுருங்கியிருந்தது.

இரண்டு ஐரோப்பிய நாடுகளின் வழக்கில் தமிழ் எப்படி வந்து நுழைந்தது என்று புதிதாக வருகிறவர்கள் எல்லாரும் வியப்பார்கள். அங்கயற்கண்ணியும் வேலைக்கு வந்த அன்று வியந்தாள். இயந்திரத்துக்கு இலக்கணம் அமைத்த டாக்டர் இர்ம்கார்ட் பெல்கே, தமிழ்நாட்டில் கால் வைக்காமல், பழைய உரைகளிலிருந்து மட்டுமே தமிழ் கற்ற ஜெர்மானிய மாது. அவர் பேசும் தமிழுக்குப் பொழிப்புரை வேண்டும்.

“ஜெர்மானியத்தைப் போலந்தார் ஒப்பார், அம்மையீர். அவர்தம் மொழியை எம்மவர் ஒப்பார். உருசியத்தை இருவரும் அஞ்சுவர். ஆதலின், இம்மன்றத்தில் எவர்க்கும் உறவும் பகையும் இல்லாத மொழியொன்று இடைநிற்றல் வேண்டும். மேலும், தமிழில் உருபுகள் தொடர்வண்டிப் பெட்டிகளைப் போல ஒன்றன்பின் ஒன்றாய்க் கோக்கப்படுகின்றன. இயந்திரம் அதனைப் பெரிதும் விரும்புகின்றது.”

“டாக்டர், சும்மா அங்கயற்கண்ணின்னே கூப்பிடுங்க. ‘அம்மையீர்’னா எங்க ஊர்ல யாரோ மேடை போட்டுட்டாங்கன்னு கூட்டம் கூடிரும்.”

டாக்டர் பெல்கே சிரிக்கவில்லை. “ஒரே ஓர் இடர் உண்டு. ஜெர்மானியத்திலும் போலிஷிலும் தன்மைப் பன்மை ஒன்றே. தமிழில் இரண்டு. கேட்போரை உள்ளடக்குவது ‘நாம்’, விலக்குவது ‘நாங்கள்’. முன்னதை இலக்கணிகள் உளப்பாட்டுத் தன்மை என்பர். இயந்திரம் ஐயுறும்போது விளக்கு எரியும். பேசுவோரின் கருத்தறிந்து தாங்கள் விசையை அழுத்துதல் வேண்டும்.”

அழுத்தினால் அதற்குத் தக்கபடி மறுபுறத்துத் தாளில் அச்சாகும். ‘நாம்’ என்றால் ‘நாம் இரு சாராரும் சேர்ந்து’ என்று விழும். ‘நாங்கள்’ என்றால் ‘நாங்கள் மட்டும்’ என்று விழும். பேச்சு தொடங்கிய அன்றே இரு நாடுகளும் ஒரு விதியில் கையெழுத்திட்டிருந்தன: எந்த மொழியில் எது அச்சானதோ, அந்த மொழிக்காரருக்கு அதுவே சட்டம், மூலம் என்ன என்று எவரும் தோண்டக் கூடாது. ஒருவர் மொழியை ஒருவர் நம்பாத இடத்தில் வேறென்ன செய்வது?

ஞாயிறுதோறும் தொலைபேசிச் சாவடியில் இணைப்புக் கொடுப்பார்கள். அந்த ஞாயிறும் கொடுத்தார்கள்.

“அம்மா, நாங்க இஞ்சி ரொட்டி சுட்டோம். அத்தை அச்சு குடுத்தாங்க. எனக்கு மீன் அச்சு.”

“அப்பிடியா கண்ணு? அப்பா என்ன பண்றாரு?”

“அப்பா பாலத்துலதான். ராத்திரி பகல் அங்கதான். நாங்க தூக்குல சாப்பாடு கொண்டுட்டுப் போவோம். ஆனா சிப்பாய் கிட்ட விடமாட்டாரு. அம்மா, எங்க வீட்டுல ஒரு பூனை வந்திருக்கு.”

“எங்க வீடா? அம்மாகிட்ட அப்பிடிச் சொல்லக் கூடாதுடா. நம்ம வீடுன்னு சொல்லு.”

கம்பிக்குள் சிறிது இரைச்சல். பிறகு குழந்தை, கணக்குக்கு விடை சொல்வதுபோலச் சொன்னாள்: “நீதான் இங்க இல்லையேம்மா.”

இலக்கணம் பிழையற இருந்தது. அதை அந்தக் குழந்தைக்குக் கற்றுக் கொடுத்தவளும் அவள்தான்.

மறுநாட்காலை, இயந்திர அறையில் பக்கத்து நாற்காலியில் இருந்து அவளோடு முறைமாறி அதே விசைகளை அழுத்தும் கனகரத்தினம் அவள் முகத்தைப் பார்த்துவிட்டார். யாழ்ப்பாணத்துச் சாவகச்சேரிக்காரர்; ஐம்பது வயது; தமக்குத் தெரியாத செய்தி உலகில் இருப்பதை விரும்பாதவர்.

“மகளோடை கதைச்சனீரோ, பிள்ளை?”

“கதைச்சேன் அண்ணே. ‘எங்க வீடு’ங்குறா.”

“அதிலை என்ன பிழை? எங்கட வீடு எங்கட வீடுதானே.”

“உங்க பக்கத்துல சரியா இருக்கலாம். எங்க ஊர்ல அப்பிடிச் சொன்னா, ‘இது உன் வீடு இல்ல’ன்னு அர்த்தம்.”

“ஓமோம், அந்தப் பாட்டை நான் முந்தியே கேட்டிட்டன்.” கனகரத்தினம் தேநீரை ஊதினார். “எங்கட ஆக்களுக்கு எல்லாத்துக்கும் நாங்கள்தான். நீர் வந்த முதல் கிழமை நான் அந்த விசையை அமத்த, நீர் என்னை ஏசினனீரல்லோ? விருந்தாளிக்கு முன்னாலை ‘நாங்கள்’ எண்டால் முகத்திலை கதவைச் சாத்தினது மாதிரி எண்டீர். அண்டையிலை இருந்து நான் ‘நாம்’ தவிர வேறை ஒண்டிலையும் கை வைக்கேல்லை. பாரும், மற்றதிலை தூசி.”

அவள் பார்த்தாள். ‘நாங்கள்’ விசையின்மேல் உண்மையிலேயே மெல்லிய தூசி படிந்திருந்தது.

மதுரையில் அவள் வளர்ந்த வீட்டில் வாசற்படி ஏறிய எவரும் ‘நம்ம வீடு’ என்ற சொல்லைக் கேட்காமல் உள்ளே வந்ததில்லை. முன்பின் அறியாதவரிடம்கூட ‘நம்ம வண்டியிலயே போயிரலாம்’ என்பார்கள். வண்டி அவருடையது ஆகிவிடுவதில்லை. இருந்தாலும் அப்படிச் சொல்வதுதான் முறை. அந்த முறையை அவள் இந்த அறைக்குள்ளும் கொண்டுவந்துவிட்டாள். ஜெர்மன் அமைச்சர் ‘எங்கள் படை’ என்ற கருத்தில் சொன்னபோதெல்லாம் ‘நம் படை’. ‘எங்கள் தண்டவாளம்’ என்றபோதெல்லாம் ‘நம் தண்டவாளம்’. போலந்தின் தாள்களில் எல்லாம் ‘சேர்ந்து, சேர்ந்து’ என்று அச்சாகியிருக்கும். அமைச்சர் எண்ணியதை அவள் அழுத்தவில்லை; நல்ல குடியில் பிறந்த ஒருவர் அந்த இடத்தில் என்ன சொல்லியிருப்பாரோ, அதை அழுத்தினாள்.

“அப்ப இந்த மூணு வருசமா நாம என்னதான் அண்ணே பண்ணிக்கிட்டிருந்தோம்?”

“மரியாதை பண்ணிக்கொண்டிருந்தம்,” என்றார் கனகரத்தினம். சொல்லிவிட்டு அவரே சிரிப்பை நிறுத்திக்கொண்டார்.

அன்று நான்காம் பிரிவு வாசிக்கும் நாள். எல்லாவற்றுக்கும் முடிச்சு அந்தப் பிரிவில்தான் இருந்தது. ஜெர்மன் போக்குவரத்து அமைச்சர் ஹார்ட்விக் எழுந்தார். நெட்டையான, கூன் விழத் தொடங்கிய மனிதர். அவருக்குப் பின்னால் பெர்லின் மன்றத்துப் பிரதிநிதிகள் வரிசையாக அமர்ந்து, அவர் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஹார்ட்விக் நிறுத்தி நிறுத்தி வாசித்தார்: விஸ்துலா ஆற்றின் பாலங்களை உடன்படிக்கைக் காலம் முழுதும் காவல் செய்வோம்.

மஞ்சள் விளக்கு எரிந்தது.

அவள் விரல் பழக்கத்தால் இடப்புறம் போயிற்று, போய், நின்றது. ததேயுஷ் அந்தப் பாலத்தின்மேல்தான் இருக்கிறார். ‘சேர்ந்து’ என்று தாள் சொல்லும். போலந்துச் சிப்பாய்கள் தேநீர்க் குவளையோடு வரவேற்க நிற்பார்கள். வருகிறவர்கள் பங்காளிகளாக அல்ல, உடைமைக்காரர்களாக வருவார்கள். யார் வருகிறார்கள் என்று பாலத்தில் நிற்பவனுக்குத் தெரிய வேண்டாமா? ஆனால் உள்ளதைச் சொன்னால் போலந்து எழுந்து போய்விடும், கதவு திறக்காது, அந்தப் பூனையை அவள் பார்க்கப் போவதில்லை.

கண்ணாடிக்கு அப்பால் தலைகள் திரும்பின. இவ்வளவு நேரம் விளக்கு எரிந்ததே இல்லை.

அவள் ‘நாங்கள்’ விசையை அழுத்தினாள்.

“பிள்ளை! கை தவறிட்டுதோ?”

“தவறல அண்ணே.”

போலந்துத் தூதுக்குழுவின் தலைவர் வாலென்டி கொஸ்ட்கா, தம் தட்டில் வந்து விழுந்த தாளை எடுத்தார். அறுபதைத் தாண்டிய உழவர் கட்சித் தலைவர். தடித்த கழுத்து, சிவந்த கைகள். தாளைப் படித்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மீண்டும் படித்தார். பிறகு அவர் கேட்டது இயந்திரத்தின் வழியே ஜெர்மனுக்குப் போயிற்று: ‘நாங்கள் மட்டும்’ என்று தாள் சொல்கிறது, அமைச்சரின் கருத்து அதுதானா?

ஹார்ட்விக்கின் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் மேலும் முன்னால் சாய்ந்தார்கள். “வாசகம் தெளிவாகவே இருக்கிறது,” என்றார் அவர். போலந்தின் பக்கத்தில் நாற்காலிகள் கிறீச்சிட்டன. யாரோ ஓர் இளைய அதிகாரி தொலைபேசியை நோக்கி ஓடினார். கூட்டம் பிற்பகலுக்கு ஒத்திவைக்கப்பட்டது.

டாக்டர் பெல்கே கதவைத் தட்டாமல் உள்ளே வந்தார். முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது.

“என் செய்தீர், அம்மையீர்?”

“அவர் நெனச்சதத்தான் அழுத்தினேன், டாக்டர். தப்பா?”

“பிழையன்று. இலக்கணப்படி தாங்கள் செய்தது முற்றிலும் சரியே.” அவர் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார். “அதுவே என் அச்சம்.”

அவர் மேலும் பேசுமுன் வாசலில் கொஸ்ட்கா வந்து நின்றார். இயந்திர அறையைப் பார்வையிட இரு தலைவர்களுக்கும் உரிமை உண்டு. ஆனால் மூன்றாண்டுகளில் ஒருவரும் வந்ததில்லை. தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு, தடங்கலில்லாத ஜெர்மன் மொழியில் கேட்டார்: “அதை அழுத்தியது எந்த அம்மணி?”

கனகரத்தினத்தின் தேநீர்க் குவளை கையிலேயே நின்றுவிட்டது. கொஸ்ட்காவின் வாயில் ஒரு ஜெர்மன் சொல்லை அன்றுவரை எவரும் கேட்டதில்லை.

“நான்தாங்க,” என்றாள் அங்கயற்கண்ணி அதே மொழியில். “உங்களுக்கு ஜெர்மன் தெரியுமா?”

“போலிஷில் செபம் சொன்னதற்காகப் பள்ளிக்கூடத்தில் பிரம்படி வாங்கிக்கொண்டே கற்ற மொழி. பிரஷ்யர்களின் பள்ளிக்கூடம். அந்த மொழி சாகும்வரை மறக்குமா, அம்மணி?”

“அப்ப, அமைச்சர் பேசினது எல்லாம்...”

“ஒவ்வொரு சொல்லும் காதில் விழுந்தது. ஹார்ட்விக் என்ன எண்ணிச் சொல்கிறார் என்பதும் விழுந்தது.”

“பிறகு ஏன் ஒரு தடவகூட மறுக்கல?”

கொஸ்ட்கா இயந்திரத்தின் பக்கம் தலையை அசைத்தார். “காதில் விழுந்ததைக் காட்டி எங்கள் சட்டமன்றத்தில் வாக்குக் கேட்க முடியாது. தாளில் விழுந்ததைக் காட்டிக் கேட்டேன். ‘சேர்ந்து’ என்ற ஒரு சொல் அதில் இருந்தது. அதை வைத்துத்தான் எங்கள் தளபதிகளை அடக்கிவைத்தேன். ஹார்ட்விக்கின் தாயார் மசூரிய நாட்டவர், உங்களுக்குத் தெரியுமா? போலிஷ் அவருக்குத் தாலாட்டு மொழி. எங்கள் தாளில் என்ன அச்சாகிறது என்பதை அவர் தலைகீழாகவே படித்துவிடுவார். அவரும் மறுக்கவில்லையே! அவர் வாயால் அந்தச் சொல்லைச் சொன்னால் பெர்லினில் தோலை உரித்துவிடுவார்கள். இயந்திரம் சொன்னால் யாரை உரிப்பது?”

“ஆக, பொய்யின்னு ரெண்டு பேருக்கும் தெரியும்,” என்றாள் அவள்.

“பொய் என்றா சொல்வீர்கள்? நாங்கள் அதைப் பல்லக்குபோலத் தூக்கிக்கொண்டு நடந்தோம். உள்ளே யாரும் இல்லை என்று இருவருக்கும் தெரியும். ஆனால் தூக்குகிறவர்கள் இருவரும் ஒரே திசையில் நடந்தார்களா இல்லையா? இன்று காலையில் நீங்கள் திரையை விலக்கிக் காட்டிவிட்டீர்கள்.”

“என் வீட்டுக்காரர் அந்தப் பாலத்துல இருக்காருங்க. தோருன்ல. வர்றது யாருன்னு அவருக்குத் தெரியணும்னு நெனச்சேன்.”

கொஸ்ட்கா அவளை முதன்முறையாக நேரே பார்த்தார். “சிப்பாயா?”

“பொறியாளர்.”

அந்தச் சிவந்த கைகள் தொப்பியை ஒரு சுற்றுச் சுற்றின. அவர் எதையோ சொல்ல வந்து, வேறொன்றைச் சொன்னார்: “காகிதம் பாலத்தைக் காப்பாற்றாது, அம்மணி. ஆனால் காகிதம் ஒன்று இருந்தால், சுடப் போகிறவன் ஒரு நாள் தயங்குவான். நான் இங்கே வந்தது அந்த ஒரு நாளுக்காகத்தான்.” வாசலைக் கடந்தவர் திரும்பிப் பார்க்கவில்லை. அவளிடம் அவர் எதையும் கேட்கவும் இல்லை.

அவர் போனபின் கனகரத்தினம் மெதுவாகச் சொன்னார்: “கடவுளே! உந்த மனிசனுக்கு முன்னாலை மூண்டு வருசமா அந்தாளின்ரை மூக்கைப் பற்றி ஜெர்மனிலை கதைச்சுச் சிரிச்சவங்கள் எத்தினை பேர்!”

பிற்பகலில் மண்டபம் நிரம்பியபோது, போலந்தின் பக்கத்தில் பாதிப் பேர் மேலங்கியைக் கழற்றாமலே அமர்ந்திருந்தார்கள். எழுந்து போக ஆயத்தமானவர்கள்போல இருந்தது அவர்கள் இருப்பு. கூட்டத்தை நடத்தியவர் ஹார்ட்விக்கை மீண்டும் வாசிக்கச் சொன்னார். அதற்குள் கொஸ்ட்கா எழுந்துவிட்டார். நான்காம் பிரிவைப் போலந்தின் சார்பில் தாம் முன்மொழிவதாகக் கூறி, போலிஷில், வயலின் அக்கரையில் நிற்பவனுக்குக் கேட்கும் குரலில் வாசித்தார்: விஸ்துலா ஆற்றின் பாலங்களை உடன்படிக்கைக் காலம் முழுதும் காவல் செய்வோம்.

அதே வாக்கியம், ஆனால் திசை மாறிவிட்டது. இப்போது அது போலிஷிலிருந்து தமிழுக்கு வந்து, தமிழிலிருந்து ஜெர்மனுக்குப் போகும். போலந்தார் எப்போதும் ‘போலந்து அரசு’ என்றே பேசிவந்ததால் இதுவரை ஜெர்மன் தாளில் ஒருநாளும் விழாத சொல், இப்போது விழலாம்.

மஞ்சள் விளக்கு எரிந்தது.

டாக்டர் பெல்கே அவளுக்குப் பின்னால் நின்றார். “பேசுவோரின் கருத்தறிந்து...” என்று தொடங்கியவர், பாதியில் விட்டுவிட்டார்.

அவர் கருத்து என்ன? கண்ணாடிக்கு அப்பால் கொஸ்ட்கா தாளையே பார்த்து நின்றார். அவர் முகம் பூட்டிய கதவுபோல இருந்தது. காலையில் அவள் ஒருவர் மனத்தைப் படித்து, உள்ளதை உள்ளபடி அழுத்தினாள்; அதன் விளைவு மேலங்கியோடு எதிரே அமர்ந்திருக்கிறது. இப்போது இவர் மனத்தைப் படிக்கவே முடியவில்லை. மரியாதைக்காக அழுத்தவும் இது விருந்து அன்று. மகளைப் பார்க்க வேண்டும் என்ற ஆசைக்காக அழுத்தினால், அது கையூட்டு வாங்குவதற்கு ஒப்பாகும். ஒவ்வொரு காரணமாகத் தள்ளிவிட்டுப் பார்த்தாள், ஒன்றும் மிஞ்சவில்லை. விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருந்தது.

அவள் ‘நாம்’ விசையை அழுத்தினாள். பெருவிரலின் நகம் வெளுக்கும் அளவுக்கு அழுத்தினாள்.

ஜெர்மன் தட்டுகளில் தாள்கள் விழுந்தன. பெர்லின் பிரதிநிதிகளுள் ஒருவர் துள்ளி எழுந்தார். “‘சேர்ந்து’ என்று இருக்கிறதே! இந்தச் சொல் இதுவரை நம் தாளில் வந்ததில்லை. இது ஏற்கத்தக்கதன்று!”

ஹார்ட்விக் திரும்பினார். அவர் தம் முதுகை விட்டுவிட்டு முகத்தைப் பிரதிநிதிகளுக்குக் காட்டியது அன்றுதான் முதல் தடவை. “தோழர், இது நாம் கேட்டதன்று. போலந்து தன் வாயாலேயே, தன் பாலங்களின் காவலுக்கு நம்மை அழைக்கிறது. முப்பத்தைந்து ஆண்டுகளில் நடக்காதது இது. வேண்டாம் என்று பெர்லினுக்குத் தந்தி அடிக்கிறீர்களா? அடியுங்கள், கீழே உங்கள் பெயரைப் போட்டு அடியுங்கள்.”

பிரதிநிதி அமர்ந்துவிட்டார். மாலை விளக்கு ஏற்றுமுன்பே இரு தரப்பும் கையெழுத்திட்டன.

வெளியே செல்லும் நடையில் கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவள் கொஸ்ட்காவின் அருகே போனாள். கேட்காமல் இருக்க அவளால் முடியவில்லை.

“ஐயா, மத்தியானம் நீங்க சொன்னது எந்த ‘நாம்’? ஜெர்மன்காரங்களையும் சேர்த்தா, இல்ல நீங்க மட்டுமா?”

கொஸ்ட்கா தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டார். “நான் உங்கள் மொழியில் பிறக்கவில்லை, அம்மணி,” என்றார். “இன்று அதற்காகக் கடவுளுக்கு நன்றி சொன்னேன்.”

அடுத்த வாரம் எல்லை திறந்தது. முதல் வண்டியிலேயே அங்கயற்கண்ணி ஏறிவிட்டாள். வண்டி தோருனின் இக்கரை நிலையத்தோடு நின்றுவிட்டது. பாலத்தின்மேல் ஏதோ வேலை நடக்கிறதாம், பயணிகள் நடந்துதான் அக்கரைக்குப் போகவேண்டுமாம். நகரம் ஆற்றுக்கு அப்பால், செங்கற் கோபுரங்களோடு தெரிந்தது. ஆற்றில் பனிக்கட்டிகள் ஒன்றையொன்று உரசிக்கொண்டு மிதந்தன. பாலத்தின் அந்த முனையில் சிவப்புக் குல்லாய் ஒன்று எம்பி எம்பிக் குதித்தது. அது இரேனாவாகத்தான் இருக்கவேண்டும்.

ததேயுஷ் பாலத்தின் நடுவிலேயே எதிரே வந்துவிட்டார். இளைத்திருந்தார், தாடி மழிக்காமல் விட்டிருந்தது. அவர் பேசும் தமிழ், அவளிடம் காதால் கேட்டுக் கற்ற மதுரைத் தமிழ்.

“வந்துட்டியா, கண்ணி,” என்றார்.

அவர்களைக் கடந்து சிப்பாய்கள் இருவர் இருவராகப் போனார்கள். ஒவ்வோர் இணையும் ஒரு மரப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு, முட்டைக்கூடை தூக்குபவர்களைப் போல அடிமேல் அடி வைத்து நடந்தது. தூண்களின் உள்ளிருந்து ஏணி வழியாக இன்னும் பெட்டிகள் மேலே வந்துகொண்டிருந்தன.

“என்னங்க பெட்டி அது?”

“வெடி.”

அவள் கைப்பையைக் கீழே வைத்தாள்.

“இந்த ஒரு வருசமும் இதுதான் என் வேல,” என்றார் ததேயுஷ். “ஜெர்மன்காரன் தனியா வந்தா, வண்டியோட சேத்துப் பாலத்தத் தூக்கிரணும்னு உத்தரவு. கொஸ்ட்கா கையெழுத்துப் போட்டது. கம்பி என் கையில. போன வாரம் ஒரு நாள் மத்தியானம் ‘தயாரா இரு’ன்னு தந்தி வந்துச்சு. பொழுது சாயுற நேரத்துல யாரோடதுன்னு தெரியாத ஒரு சரக்கு வண்டி வந்துக்கிட்டிருந்துச்சு, புகை தெரிஞ்சுது. நான் கைப்பிடியப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். வண்டி அந்த வளைவுல திரும்புறப்போ ‘நிறுத்து’ன்னு இன்னொரு தந்தி.”

எந்த நாளின் நண்பகல் என்று அவள் கேட்கவில்லை. எந்த விசை முதல் தந்தியை அனுப்பியது, எந்த விசை இரண்டாவதை அனுப்பியது என்பதை அவரும் அறியார். கொஸ்ட்கா ‘நாங்கள் மட்டும்’ என்ற கருத்திலேயே வாசித்தார் என்பது அவளுக்கு இப்போது தெரிந்தது. இரண்டு பக்கத்திலும் ஒருவர் மனத்திலும் இல்லாத ஒரு சொல்லின்மேல், இந்த உடன்படிக்கை நின்றுகொண்டிருந்தது. அதன்மேல்தான் இவர்களும் நின்றுகொண்டிருந்தார்கள்.

“பெட்டியெல்லாம் எங்க கொண்டுபோறாங்க?”

“கரையில, ஒரு கொட்டகையில. ஆத்துல போடச் சொல்லி உத்தரவு வரல.”

ஒரு பெட்டி மிக அருகில் கடந்து போயிற்று. அதைத் தூக்கிய சிப்பாய் ததேயுஷுக்கு வணக்கம் வைக்க முயன்று, இரு கையும் பெட்டியில் இருந்ததால் தலையை மட்டும் ஆட்டினான்.

“இத்தனையும் யாரு வச்சது?” என்று அவள் கேட்டாள். விடை தெரிந்த கேள்விதான்.

ததேயுஷ் அவளுடைய பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார். மணமான நாள் முதலாக எத்தனையோ முறை சொல்லிக் கொடுத்தும், தமிழில் இந்த ஓர் இடம் மட்டும் அவருக்குப் பிடிபட்டதே இல்லை. ஒவ்வொரு முறையும் அவள் திருத்துவாள். ஒவ்வொரு முறையும் அவர் மறந்துவிடுவார்.

“நாம வச்சோம், கண்ணி,” என்றார் அவர்.

அவள் திருத்தவில்லை.